தொல்லோ: தொப்பூர் சவுரியப்பன் தூக்கிய ஒரே வினைச்சொல்

தர்மபுரி மாவட்டத்தில் லத்தீன் மொழி அறிந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்த அரசாங்கமும் கணக்கெடுத்ததில்லை. எடுத்தால், கடத்தூர்ப் பக்கம் பங்குச் சாமியாராக இருக்கும் அருள்குமார் சாமி முழுசாகத் தேறுவார். தொப்பூர் கணவாயில் கிரேன் வைத்திருக்கும் சவுரியப்பன் ஒரு சொல் அளவுக்குத் தேறுவார். ஒரே ஒரு சொல்தானா என்று இளப்பமாகக் கேட்பவர்கள் உண்டு. பத்தாயிரம் சொல் தெரிந்தவர்கள் அதில் ஒன்றைக்கூட உருப்படியாகப் பயன்படுத்தாமல் கண்ணை மூடுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சவுரியப்பனோ அந்த ஒரே சொல்லை வைத்துப் பிழைத்தார், பேர் வாங்கினார், பிள்ளையைத் தன் பிள்ளை என்று நிலைநாட்டினார், கடைசியில் பதவியையும் காப்பாற்றிக்கொண்டார்.

அந்தச் சொல் தொல்லோ. 'தூக்குகிறேன்' என்று பொருள். நிகழ்காலத்தில் ஒழுங்கு மரியாதையாகத் தொல்லோ என்று நிற்கும். இறந்தகாலத்துக்குப் போனால் சுஸ்துலி என்று பேரையே மாற்றிக்கொண்டு, முன்பின் பார்த்த முகமாகவே காட்டிக்கொள்ளாது. ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் வேட்பாளரைப் பார்த்தவர்களுக்கு இந்த இலக்கணம் கஷ்டமாக இருக்காது.

சவுரியப்பனின் அப்பா கம்பைநல்லூர்ச் சந்தையில் புளி வியாபாரம் செய்தவர். வீட்டுக்கு ஒரு சாமியார் இருந்தால் மோட்சத்தில் சிபாரிசுக்கு ஆகும் என்ற தொலைநோக்கோடு மகனைச் சேலத்துப் பக்கம் ஒரு குருமடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே லத்தீன் சொல்லிக்கொடுத்தவர் வயசான ஒரு வெள்ளைக்காரச் சாமி. முதல் வகுப்பிலேயே இந்த வினைச்சொல்லைச் சொல்லச் சொல்லி, பையன் திருதிருவென்று விழிக்க, தண்டனையாக அதையே எழுதச் சொன்னார். எழுதினான். மறுநாளும் தப்பு, மறுபடியும் எழுதினான். மற்ற பையன்கள் மொழியின் உள்ளே வெகுதூரம் போய்விட்டார்கள். சவுரியப்பன் வாசற்படியிலேயே உட்கார்ந்து அந்த ஒரு சொல்லை நக்கி நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வருஷக் கடைசியில் வெள்ளைக்காரச் சாமி எல்லோருக்கும் நடுவே ஒவ்வொருவரைப் பற்றியும் லத்தீனில் ஒரு வார்த்தை சொன்னார். சவுரியப்பன் முறை வந்ததும் அவனைப் பரிதாபமாகப் பார்த்து, "தொல்லெந்துஸ்" என்றார். 'தூக்கப்பட வேண்டியவன்.' மண்டபத்தில் மற்ற பையன்கள் தங்கள் வார்த்தைக்கு அர்த்தத்தை யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சவுரியப்பனுக்கு மட்டும் உடனே தெரிந்தது. பையன் பூரித்துப்போனான். டிரங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்து, "ஆத்தா, என்னத் தூக்கிட்டாங்க! எல்லாருக்கும் மேல தூக்கிட்டாங்க!" என்று கத்தினான். அப்பா பொரியும் சர்க்கரையும் வாங்கி ஊருக்கே கொடுத்தார். லீவு முடிந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு குருமடத்து கேட்டில் போய் நின்றபோதுதான் வாட்ச்மேன் விளக்கம் சொன்னார்: "உன்னத்தான் தூக்கிட்டாங்களேப்பா. அப்பறம் எதுக்கு வந்த?"

அந்தச் சொல்லுக்கு இரண்டாவது பொருள் உண்டு என்று சவுரியப்பன் கற்றுக்கொண்டது அந்த கேட்டில்தான். தூக்குவது என்றால் உயர்த்துவது. தூக்குவது என்றால் ஒழிப்பது. ரோமாபுரிக்காரன் இரண்டையும் ஒரே வாயால் சொல்லியிருக்கிறான். நாம் மட்டும் என்ன வாழ்ந்தது? குழந்தையைத் தூக்கினால் பாசம், கோழியைத் தூக்கினால் திருட்டு, ஆளைத் தூக்கினால் போலீஸ், மந்திரியைத் தூக்கினால் கட்சி. குழம்பில் உப்பு தூக்கலாகப் போனால் மட்டும்தான் தூக்கியது யார் என்று எவரும் ஒப்புக்கொள்வதில்லை.

மொழி கைவிட்டாலும் பொருள் கைவிடவில்லை. தொப்பூர் கணவாயில் சாய்ந்த லாரிகளைத் தூக்கும் வண்டியில் சவுரியப்பன் கிளீனராகச் சேர்ந்தார். கொஞ்ச வருஷத்தில் சொந்தமாக ஒரு பழைய கிரேன் வாங்கி, அதன் கையில் இங்கிலீஷ் எழுத்தில் பெரிதாகத் தொல்லோ என்று எழுதவைத்தார். அடியில் தமிழிலும் எழுதச் சொன்னார். பெயிண்டர் எழுத்து கொஞ்சம் வளைந்து நெளிந்து வரக்கூடியது. படித்தவர்கள் எல்லோரும் அதைத் 'தொல்லை' என்றே படித்தார்கள். "ரெட்டைப் பாலத்துல வண்டி கெடக்குது, தொல்லையக் கூப்புடு" என்பது அந்தப் பக்கத்தில் நிலைபெற்ற வழக்காயிற்று. நாமக்கல் டிரைவர்கள் இங்கிலீஷை 'டோல்' வரைக்கும் படித்து வேறு முடிவுக்கு வந்தார்கள். "டோல்காரங்க கிரேனுங்களா? அப்ப பேரமெல்லாம் பேச முடியாது" என்று அவர்களாகவே அடங்கிப்போனார்கள். சொல்லாராய்ச்சிப் பிழைகளைத் திருத்துவது அறிஞர் கடமைதான். ஆனால் அந்தச் சமயங்களில் அறிஞர் விழுந்த லாரிக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருப்பார், கை ஓயாது.

மகள் காவியா பிறந்தபோது சொல்லின் மூன்றாவது பொருள் வெளிப்பட்டது. பழைய ரோமாபுரியில் பிறந்த குழந்தையைத் தரையில் வைப்பார்களாம். அப்பன் குனிந்து தூக்கினால் அது அவன் பிள்ளை. அதற்கும் இதே வினைச்சொல்தான் என்று அருள்குமார் சாமி எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா துணியில் சுற்றிய குழந்தையை நீட்ட, சவுரியப்பன் கையைக் கட்டிக்கொண்டு, "கீழ வைங்க சிஸ்டர்" என்றார்.

"என்னாது?"

"தரையில வைங்க. நான் தூக்கிக்கறன்."

"யோவ், கொழந்தைய தரையில வைன்னு சொல்ற மொத அப்பன் நீதான்யா! ஏம்மா, உங்க வூட்டுக்காரரு குடிச்சிருக்காரா?"

கட்டிலில் கிடந்த மனைவி லில்லிமேரி, "குடிக்கல சிஸ்டர். லத்தீன்" என்றார். நர்ஸம்மா இது ஏதோ வியாதி என்று எண்ணி இரக்கப்பட்டு, தரையில் ஒரு பாயை விரித்து, அதன்மேல் குழந்தையை வைத்தார். சவுரியப்பன் முழங்காலிட்டுத் தூக்கினார். எந்தச் சிமெண்ட் லாரியையும் அவர் அவ்வளவு பதமாகத் தூக்கியிருக்க மாட்டார் என்பது லில்லிமேரியின் சாட்சியம்.

கோவிலிலும் அவர் சும்மா இருந்ததில்லை. பூசையில் உலகத்தின் பாவங்களைப் 'போக்கும்' என்று சபை முழுக்கச் சொல்லும்போது, லத்தீனில் அங்கேயும் இதே வினைச்சொல்தான் என்பதால், இவர் மட்டும் 'தூக்கும்' என்று சத்தமாகச் சொல்வார். "சவுரி, அந்த ஒரு சொல்ல வுட்டுட்டு அடுத்த சொல்லுக்குப் போயேன்" என்று அருள்குமார் சாமி கெஞ்சிப் பார்த்தார். "இந்த ஒண்ணையே இன்னும் முழுசா தூக்க முடியல சாமி" என்பார் சவுரியப்பன்.

இப்படிப்பட்டவர் கணவாய்க் கிரேன் உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவராக இருந்ததில் வியப்பில்லை. எந்த வண்டி விழுந்தால் யார் போவது என்று முறை சொல்வது தலைவர். முறையோடு சேர்த்து அவர் ஒரு விதியும் வைத்திருந்தார்: மொதல்ல ஆளு, அப்பறம் வண்டி, அதுக்கப்பறம்தான் பேச்சு. கவிழ்ந்த கேபினுக்குள் ஒருத்தன் கிடந்தால், அவனை வெளியே எடுக்கும்வரை வாடகையைப் பற்றி எவனும் வாய் திறக்கக் கூடாது. திறந்தவனுக்கு முறை கிடையாது.

இந்த விதி மாதேஸ்வரனுக்குப் பிடிக்கவில்லை. சங்கத்தின் துணைத் தலைவர். இரண்டு புது ஹைட்ராலிக் கிரேனுக்குச் சொந்தக்காரர். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் படாமல் தொழில் செய்யும் வித்தை தெரிந்தவர். "உள்ள ஆளு இருக்கறப்பதான்யா ஓனர் போனை எடுப்பான். ஆளை எடுத்துட்டா நாளைக்கு வரன்னு சொல்லுவான்" என்பது அவருடைய பொருளாதாரக் கொள்கை. ஒருமுறை கால் மாட்டிக்கொண்ட டிரைவர் அலறிக்கொண்டிருக்க, மாதேஸ்வரன் ஓனரோடு போனில் கொள்கை விளக்கம் நடத்தியிருக்கிறார். சவுரியப்பன் அவரை முறையிலிருந்து நிறுத்திவைத்தார். நிறுத்திவைத்தது அவருக்கு நெஞ்சில் நின்றது.

அப்படிப்பட்ட மாதேஸ்வரன் ஒருநாள் வீடு தேடி வந்து, "அண்ணனுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டங்க" என்றார். மண்டபம் பிடித்தாயிற்று, பொன்னாடை எடுத்தாயிற்று, பேனர்கூட வைத்தாயிற்று. பேனரில் சவுரியப்பன் கும்பிட்டுக்கொண்டிருக்க, மேலே 'தூக்கத்தின் நாயகரே, வருக!' என்று போட்டிருந்தது. லாரி தூக்குவதைத்தான் அப்படி இலக்கியமாக்கியிருந்தார்கள். அந்த வழியே போன பஸ்காரர்கள், மெத்தைக் கடை திறக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

சவுரியப்பனுக்கு உச்சி குளிர்ந்தது. லில்லிமேரிக்குக் குளிரவில்லை.

"ஏங்க, உங்க பேரைச் சொன்னாலே அந்த மாதேஸ்வரன் மூஞ்சி வெளக்கெண்ண குடிச்சாப்ல ஆவும். அவன் எதுக்கு உங்களுக்கு பொன்னாட வாங்கறான்?"

"மனசு மாறிட்டான்டி."

"மாறுனா மன்னிப்பு கேப்பான். மண்டபமா புடிப்பான்?"

அதோடு பேச்சை முடித்துக்கொண்டு சவுரியப்பன் சாமியைப் பார்க்கக் கிளம்பினார். ஏற்புரையில் தன் சொல்லை வைத்துக் கனமாக ஒரு வரி சொல்ல வேண்டும் என்பது ஆசை. அருள்குமார் சாமி யோசித்துவிட்டு ஒரு பழைய சங்கதியைச் சொன்னார். ரோமாபுரியில் வாய்ச்சாலகமான ஒரு மேடைப் பேச்சாளர் இருந்தார். அப்போது வேகமாக வளர்ந்துவந்த ஒரு வாலிபத் தலைவரைப் பற்றி, 'அந்தப் பையனைப் புகழணும், அலங்காரம் பண்ணணும், தூக்கணும்' என்று கூட்டாளிகளிடம் சொன்னாராம். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளியாளுக்கு, உயர்த்த வேண்டும் என்று கேட்கும். உள்ளாளுக்கு, தீர்த்துக்கட்ட வேண்டும் என்று கேட்கும்.

சவுரியப்பன் சிரிக்கவில்லை. விரலை மடக்கினார். "புகழறது... பேனர் வச்சிட்டான். அலங்காரம்... பொன்னாட எடுத்துட்டான். மூணாவது?"

"மூணாவதுக்குத்தான் மண்டபமே புடிச்சிருப்பாங்க சவுரி."

"அந்தப் பையன் என்ன ஆனான் சாமி?"

"பையன் தப்பிச்சுட்டான். கடைசியில தூக்குனது அந்தப் பேச்சாளரத்தான்."

சவுரியப்பன் நிமிர்ந்தார். இலக்கிய வரலாற்றை இவ்வளவு சொந்தப் பிரச்சினையாக எடுத்துக்கொண்ட வாசகர் மாவட்டத்திலேயே வேறு எவரும் இருக்க முடியாது.

"போவாதீங்க. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்" என்றார் லில்லிமேரி.

"போவலன்னா இன்னும் சுலபமாத் தூக்கிடுவாங்க. ஆளு இல்லாத சேர்ல வெயிட்டே இருக்காது" என்று சவுரியப்பன் வேட்டியை மாற்றிக்கொண்டார்.

விழா தொப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உரிமையாளர்கள், ஆபரேட்டர்கள், கிளீனர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பின்கட்டிலிருந்து பிரியாணி வாசம் வந்துகொண்டிருந்ததால் பேச்சுகள் சுருக்கமாக இருக்கும் என்ற நம்பிக்கை எல்லார் முகத்திலும் தெரிந்தது. மேடை நடுவில் தலைவருக்கு என்று ஒரு பெரிய நாற்காலி. சிவப்பு வெல்வெட், சிங்கத் தலை வைத்த கைப்பிடி. முந்தின நாள் முகூர்த்தத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்தது. அதில் சவுரியப்பனை உட்காரவைத்தார்கள்.

மாதேஸ்வரன் மைக்கைப் பிடித்தார். அண்ணன் ஒரு மலை என்றார், அண்ணன் ஒரு கடல் என்றார், கணவாயில் கடல் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பொன்னாடையைப் போர்த்தினார். இரண்டாவது விரலும் மடங்கியது என்று சவுரியப்பன் மனசுக்குள் எண்ணிக்கொண்டார். அடுத்து மாதேஸ்வரன் குரலை உயர்த்தினார்.

"இப்பேர்ப்பட்ட நம்ம தலைவர நாம தூக்க வேணாமா?"

"தூக்கணும்!" என்று மண்டபம் அதிர்ந்தது.

"தலைவரத் தூக்கணும்னு சொல்றவங்க எல்லாம் கையத் தூக்குங்க!"

ஒரு கை பாக்கி இல்லை. பந்தி பரிமாற நின்றவர்கள்கூடக் கரண்டியோடு தூக்கினார்கள். மாதேஸ்வரன் நிதானமாகச் சுற்றிப் பார்த்து, பக்கத்தில் இருந்த செயலாளரிடம் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "ஏகமனதா நிறைவேறிடுச்சுங்க" என்றார். "இன்னியிலேர்ந்து அண்ணன் நம்ம எல்லாருக்கும் மேல. நிரந்தர கௌரவ ஆலோசகர். கீழ கெடக்கற சில்லறை வேலைய, முறை சொல்றது, வாடகை பேசறது, அதெல்லாம் அண்ணன் தலையில போடாம, தலைவர்ங்கற முறையில இனிமே நானே பாத்துக்கறன்."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. இறக்கினால் ஒப்புக்கொண்டதாக ஆகுமோ, இறக்காவிட்டால் இன்னொரு தடவை ஓட்டுப் போட்டதாக ஆகுமோ என்று யாருக்கும் புரியவில்லை. "டேய், நாம எதுக்குடா கையத் தூக்குனம்?" என்று ஒரு ஆபரேட்டர் பக்கத்து ஆளைக் கேட்டார். "பிரியாணிக்குன்னு நெனச்சன்" என்றார் அவர்.

சவுரியப்பன் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மாதேசா, தீர்மானம் செல்லும். எல்லாரும் கை தூக்கிட்டாங்க. நான் எதுத்துப் பேச மாட்டன்."

மாதேஸ்வரன் கும்பிட்டார்.

"ஆனா நம்ம தொழில்ல, தூக்கறம்னு சொல்லிட்டு தூக்காம வூட்டுக்குப் போற பழக்கம் கெடையாது. தீர்மானம் போட்டாச்சு. வாங்கப்பா. தூக்குங்க."

சொல்லிவிட்டு, மேடை ஓரத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பின்வரிசையிலிருந்து மதியழகன் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். மதியழகன் இப்போது கிரேன் வைத்திருந்தாலும் ஒருகாலத்தில் லாரி ஓட்டியவர். ரெட்டைப் பாலத்தில் கேபினோடு நசுங்கிக் கிடந்தவரை, இது யார் வண்டி என்றுகூடக் கேட்காமல் வெளியே இழுத்துப் போட்டது சவுரியப்பன். "அண்ணனத் தூக்குங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மண்டபமே மேடைக்கு வந்தது.

சவுரியப்பன் லேசான லோடு அல்ல. "இடது பக்கம் புடி!" "டேய், பொன்னாடையில சிக்குதுடா!" "மெதுவா, மெதுவா, பேலன்ஸ் போவுது!" என்று தொழில்முறை ஆணைகள் பறந்தன. மைக்குக்குப் பக்கத்திலேயே நின்றதால் மாதேஸ்வரனும் நெரிசலில் மாட்டி, தலைவரின் வலது தொடை அவர் வெள்ளைச் சட்டைத் தோளில் வந்து இறங்கியது. விலக வழியில்லை, விலகினால் அத்தனையும் அவர் தலையில் விழும். ரோமாபுரியில் எந்தச் சதிகாரனுக்கும் இந்த நிலைமை வந்ததாகத் தெரியவில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் சவுரியப்பன் கையிலிருந்த மைக்கில் பேசினார்.

"தூக்கிட்டீங்க. சந்தோஷம். இப்ப எங்க எறக்கப் போறீங்க?"

கீழே இருந்தவர்கள் தோள் மாற்றிப் பிடித்தார்கள்.

"தூக்கறது எவன் வேணா தூக்குவான். எறக்கறதுதான் தொழிலு. விழுந்த வண்டியத் தூக்கி, அப்பிடியே அந்தரத்துல தொங்க வுட்டுட்டு சாப்பிடப் போனவன் நம்மள்ல யார்னா இருக்கமா?"

"இல்லீங்கண்ணா!"

"மாதேசன் என்னை கௌரவமா தொங்க வுடணும்ங்கறான். தொங்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நாளைக்கு ஒருத்தன் உள்ள கெடந்து கத்துவான், வெளிய நின்னு நாம வாடகை பேசுவம். அது ஒங்களுக்கு சம்மதம்னா என்னை வாசல்ல எறக்குங்க, நடந்தே வூட்டுக்குப் போயிக்கறன். சம்மதம் இல்லன்னா, எங்க எறக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க."

"எடுத்த எடத்துலயே எறக்குடா!" என்று மதியழகன் கத்தினார். "சேர்ல! சேர்ல!" என்று மண்டபம் அதைப் பிடித்துக்கொண்டது. ஊர்வலம் திரும்பியது. மாதேஸ்வரனின் கால்களும் கூட்டத்தோடு திரும்பின; தோளில் பாரம் இருப்பவனுக்குத் தனிக் கருத்து இருக்க முடியாது. விழுந்த லாரியை நாலு சக்கரமும் ஒரே சமயத்தில் ரோட்டில் படும்படி வைப்பார்களே, அந்தப் பக்குவத்தில் சவுரியப்பனை வெல்வெட் நாற்காலியில் இறக்கினார்கள். சிங்கத் தலை ஒன்று கழன்று விழுந்தது. மற்றபடி சேதம் இல்லை. கைதட்டல் அடங்கும்வரை பிரியாணி பொறுத்திருந்தது.

இப்படியாக, தூக்கு என்ற சொல்லுக்கு அந்த மண்டபத்தில் எது பொருள் என்பது தீர்ந்தது. செயலாளர் குழம்பிப்போய், "தீர்மானத்த அடிச்சுடட்டுங்களா?" என்று கேட்டார். "வேணாம். எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும். தூக்கினாங்கதான?" என்றார் சவுரியப்பன்.

முதல் பந்தி உட்காரும்போதே போன் வந்தது. இறக்கத்தில் இரும்பு ஏற்றிய லாரி ஒன்று சாய்ந்து கிடக்கிறது. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். சவுரியப்பன் இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாரு முறை?" என்றார்.

"என்னுதுங்ணா" என்றார் மாதேஸ்வரன், கசங்கிய சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு.

"அப்ப கெளம்பு. உன் எலைய மூடி வைக்கச் சொல்றன்."

மாதேஸ்வரன் நின்றார். வாடகையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் சோற்றில் கை வைக்காமல் அவர் வாயையே பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு கிரேன் சாவியை எடுத்தார்.

பாயசம் வரும் நேரத்தில் சவுரியப்பன் போன் அடித்தது.

"அண்ணா, ஆளத் தூக்கிட்டங்க."

"எப்பிடி இருக்கான்?"

"கண்டபடி திட்டறானுங்ணா. ரோட்ட, லாரிய, என்னை, எல்லாத்தையும்."

"அப்ப நல்லாத்தான் இருக்கான். வண்டியத் தூக்கு."